தோழியோடு மயிலாப்பூர்: டிபனில் தொடங்கிக் கடைவீதி வரை

பிரஞ்ச் என்கிறார்களே, காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் சாவகாசமாக உட்கார்ந்து சாப்பிடுவது, அதை மயிலாப்பூரில் செய்து பார்க்கலாம் என்று நானும் என் பள்ளித்தோழியும் சில வருடங்களுக்கு முன் ஒரு நாள் சரியாக 11 மணிக்குப் போய் நின்றோம். முதல் மெஸ்ஸில் பெஞ்சைக் கவிழ்த்துப் போட்டுத் தரை கழுவிக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது இடத்தில் "டிபன் முடிஞ்சுதும்மா, சாப்பாடு பன்னெண்டுக்கு மேல" என்றார் ஒருவர், எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு, "காபி வேணா தரேன்" என்று. அந்தக் காபியைக் குடித்துவிட்டுக் கோயிலுக்கு ஓடினோம், அங்கே நடை சாத்தும் நேரத்துக் கூட்டம். வெளியே வந்தால் வெயில் உச்சியில். வாங்கியது மொத்தம் ஒரு முழம் பூ.

அன்று புரிந்தது ஒன்றுதான். உலகத்துக்கெல்லாம் பிரஞ்ச் நேரமான 11 மணி, மயிலாப்பூரில் சாப்பாட்டுக் கடைகள் மூச்சு விடும் நேரம். இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு வேளை உண்டு. அந்த வேளைகளுக்கு ஏற்ப அடுக்கிக்கொண்டால் ஆறு மணி நேரம் அவசரமே இல்லாமல் போகும், இல்லையென்றால் மூடிய கதவுகளைப் பார்த்துவிட்டு ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வர வேண்டியதுதான். அதற்குப் பிறகு பல தடவை போய் வந்துவிட்டோம். எங்களுக்குச் சரியாக வந்த வரிசையை அப்படியே எழுதுகிறேன்.

1. எந்த நாள்

புதன், வியாழன் மாதிரி ஒரு சாதாரண நாள் கிடைத்தால் அதுதான் நல்லது. இல்லையென்றால் சனிக்கிழமை. ஞாயிறு சில கடைகள் திறக்காது, வெள்ளியன்று கோயில் கூட்டம் மாட வீதி வரை வழியும். பங்குனி உற்சவ நாட்களில், முக்கியமாக அறுபத்துமூவர் அன்று, கடைக்குப் போவதாக நினைக்கவே நினைக்காதீர்கள். அது உற்சவம் பார்க்கப் போகும் நாள், தெருவே தெரியாது. நவராத்திரிக்கு முந்தைய வாரங்களில் வடக்கு மாட வீதி முழுக்கக் கொலு பொம்மைகள் இறங்கிவிடும், அது தனி அழகு, ஆனால் அப்போது போனால் பொம்மையைத் தவிர வேறு எதுவும் வாங்க முடியாது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மார்கழிதான் உச்சம். வெயில் அடிக்காது, கோலங்கள் பெரிதாக இருக்கும், விடிகாலையில் வந்தால் மாட வீதிகளில் பஜனை கோஷ்டி போவதையும் பார்க்கலாம். பாபநாசம் சிவன் நடத்திய பஜனையின் தொடர்ச்சி அது. சித்திரை, வைகாசியில் போவதாக இருந்தால் நான் சொல்லும் எல்லா நேரத்தையும் முக்கால் மணி முன்னால் தள்ளிக்கொள்ளுங்கள்.

2. கிளம்பும் முன்

மூன்று பேர் வேண்டாம், இரண்டு பேர்தான் கணக்கு. மூன்றாவது ஆள் வந்தால் யாராவது ஒருவர் எப்போதும் கடை வாசலில் காத்துக்கொண்டிருப்பார், அவருடைய பொறுமை உள்ளே இருப்பவர்களுக்கு வட்டி போட ஆரம்பித்துவிடும்.

துணிப்பை ஆளுக்கு இரண்டு. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப்போடும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை. கடையில் பை கேட்டால் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருக்கும், அதுவும் பாத்திரத்தின் கனத்தைத் தாங்காது. ஒரு பை பாத்திரத்துக்கு, ஒரு பை காய்க்கு, இரண்டையும் கலக்காதீர்கள். கல்சட்டிக்கு அடியில் நசுங்கிய தக்காளியோடு நான் ரயிலில் வந்திருக்கிறேன். அப்புறம் கொஞ்சம் சில்லறை. ஜிபே எல்லா இடத்திலும் ஓடுகிறது, பூக்காரம்மாவிடம்கூட அட்டை மாட்டியிருக்கும், ஆனாலும் கீரைக்கு 20 ரூபாயை நீட்டுவது இருவருக்குமே சுலபம்.

இதைவிட முக்கியம், இருவரும் ஆளுக்கு ஒரு பொருள் மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது. "இன்னைக்கு எனக்கு ஒரு இரும்பு தோசைக்கல், உனக்கு ரெண்டு காட்டன் புடவை" என்று. மற்றதெல்லாம் கண்ணில் பட்டால் பார்த்துக்கொள்ளலாம். பட்டியல் நீளமாக இருந்தால் அது வேலை, பட்டியலே இல்லையென்றால் வீட்டுக்கு வந்ததும் இத்தனை வளையலை எதற்கு வாங்கினோம் என்று உட்கார வேண்டி வரும்.

எங்களுக்குள் ஒரு ரகசியச் சொல்லும் உண்டு. "இது மாதிரி உன் வீட்ல ஒண்ணு இருக்கில்லடி?" என்று ஒருத்தி சொன்னால், விலை அதிகம் அல்லது தரம் போதாது, கிளம்பலாம் என்று அர்த்தம். கடைக்காரரின் மனம் நோகாது. என்ன, இத்தனை வருடத்தில் சில கடைக்காரர்களுக்கும் அந்த அர்த்தம் தெரிந்துவிட்டது போலிருக்கிறது, நாங்கள் அதைச் சொன்னதும் அவர்களே விரித்ததை மடிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

3. வந்து சேர்வது: காலை 8.30

காரில் வராதீர்கள். மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் இரண்டு பாதைகள் மயிலாப்பூருக்கு அடியில் சந்திக்கப் போகின்றன, அதற்கான வேலையில் லஸ் பக்கம் தடுப்புகள், வழிமாற்றங்கள். நேற்று போன தெருவில் இன்று போக முடியாது. பறக்கும் ரயில்தான் நிம்மதி. திருமயிலை நிலையத்துக்கு 1997லேயே ரயில் வந்துவிட்டது, இன்றும் டிக்கெட் விலையைக் கேட்டால் ஆட்டோக்காரருக்குக் கொடுத்ததெல்லாம் நினைவுக்கு வரும். அத்தனை பெரிய கட்டடத்தில் எந்தப் படிக்கட்டில் இறங்கினோம் என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். தோழி வேறு திசையிலிருந்து வருகிறாள் என்றால் சந்திக்கும் இடம் டிக்கெட் கவுன்டர் பக்கம் என்று வைத்துக்கொள்வது நல்லது. "கோயில் பக்கத்துல நிக்கிறேன்" என்றால் மயிலாப்பூரில் அதற்கு ஒரு அர்த்தமும் இல்லை.

4. முதல் டிபன்: 8.45 முதல் 9.45 வரை

இதைத்தான் சாவகாசமாகச் செய்ய வேண்டும், ஆனால் சாவகாசத்தை எங்கே வைப்பது என்பதில்தான் சூட்சுமம்.

கச்சேரி சாலையிலிருந்து பிரியும் அருண்டேல் தெருவில் ஒரு சந்துக்குள் இருக்கிறது ராயர் மெஸ். பெயர்ப் பலகையைத் தேடாதீர்கள், காலையில் சந்து வாசலில் காத்து நிற்கும் ஆட்களைத் தேடுங்கள். உள்ளே இடம் சின்னது, உங்கள் முறை வரும்வரை வெளியே நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பு வீண் இல்லை, போன தடவை பார்த்ததிலிருந்து இன்று வரைக்குமான வீட்டுக் கதை, ஆபீஸ் கதை, மாமியார் கதையில் பாதி அங்கேயே முடிந்துவிடும். உள்ளே போனதும் இட்லி, பொங்கல், வடை, கெட்டி சட்னி. அந்தக் கெட்டி சட்னி காரமாக, இறுக்கமாக இருக்கும், இட்லியின் மேல் ஊற்றுவது இல்லை, விரலால் எடுத்துத் தடவுவது. இட்லி இரண்டு, வடை ஒன்று, பொங்கல் ஒன்றை வாங்கி இருவரும் பாதிப் பாதி. இதற்கு மேல் வேண்டாம், ஏன் என்று அப்புறம் சொல்கிறேன். காபியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள், அடுத்த ஆட்கள் வாசலில் நிற்கும்போது அங்கே உட்கார்ந்து அரட்டை அடிப்பது நியாயமில்லை. 10 மணிக்கு மேல் போனால் எதுவும் மிஞ்சியிருக்காது.

வரிசை ரொம்ப நீளமாக இருந்தால் பொன்னம்பல வாத்தியார் தெருவில் ஜன்னல் கடை. வீட்டு ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம், அதுதான் பெயர். தெருவில் நின்றபடி சாப்பிட வேண்டும். முட்டி வலி உள்ளவர்களுக்கு இது சரிப்படாது, என் தோழிக்குப் போன வருடத்திலிருந்து சரிப்படவில்லை. ஆற அமர உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் கிழக்கு மாட வீதி கற்பகாம்பாள் மெஸ் இருக்கிறது, பழைய மேஜை நாற்காலி, அவசரப்படுத்த மாட்டார்கள். பெரிய ஓட்டல்களில் நாள் முழுக்கத் தோசை கிடைக்கும், 11 மணிக்குப் போனாலும் விரட்ட மாட்டார்கள் என்பது உண்மைதான், ஆனால் அந்தத் தோசை அண்ணாநகரிலும் கிடைக்கிறதே.

பாதி வயிறோடு எழச் சொன்னதற்குக் காரணம், இது இரண்டு தவணையில் சாப்பிடும் பிரஞ்ச். முதல் தவணை 9 மணிக்கு, இரண்டாவது 12.15க்கு. இரண்டுக்கும் நடுவில் நடை, வெயில், பேரம். முழு வயிற்றுப் பொங்கலோடு பாத்திரக்கடைக்குப் போனால் தூக்கத்தில் எதை வேண்டுமானாலும் வாங்குவீர்கள்.

5. போகிற வழியில் நாட்டு மருந்து

கச்சேரி சாலைக்கு வந்ததால் டப்பா செட்டிக் கடையை எட்டிப் பார்க்காமல் போக முடியாது. நூறு வருடத்துக்கு மேற்பட்ட நாட்டு மருந்துக் கடை, மருந்துச் சரக்கை டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருந்ததால் வந்த பெயர். தீபாவளிக்கு முன்னால் லேகியச் சாமான் வாங்க இங்கே நிற்கும் கூட்டத்தைப் பார்த்தால் பட்டாசுக் கடை தோற்றது. சாதாரண நாளில் சித்தரத்தை, கண்டந்திப்பிலி, சுக்கு, வெட்டிவேர் என்று கொஞ்சம் கொஞ்சமாக வாங்கலாம். எல்லாம் எடை குறைந்த சரக்கு, அதனால் முதலில் வாங்கினாலும் கை வலிக்காது. வீட்டில் யாருக்காவது பிரசவம் என்றால் என்ன மருந்து என்று நீங்கள் யோசித்துக் கொண்டு போக வேண்டியதில்லை, விஷயத்தைச் சொன்னாலே போதும். மற்றபடி ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்காமல் லேகியம் சாப்பிட வேண்டாம், இதை என் தோழி எழுதச் சொன்னாள், அவள் நர்ஸ்.

6. கோயில்: 10 மணி

சாமி கும்பிடும் பழக்கம் இல்லாதவர்களும் ஒரு சுற்று வாருங்கள். 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மறுபடி திறக்க 4 மணி ஆகிவிடும், அதனால் கடையை முதலிலும் கோயிலை அப்புறமும் வைத்துக்கொண்டால் கபாலீஸ்வரர் கைவிட்டுப் போவார். கிழக்குக் கோபுரம் சுமார் 120 அடி, 1906ல் எழுப்பியது. ஆனால் சுவாமி மேற்கு பார்த்தவர், குளமும் மேற்கில். கிழக்கு வாசல் வழியாக நேராகப் போனால் சுவாமி முதுகுப் பக்கம்தான், சுற்றிக்கொண்டு போக வேண்டும். பிரகாரத்தில் புன்னை மரத்தடியில் அம்பாள் மயிலாக வந்து பூஜை செய்த சன்னிதி இருக்கிறது. ஊருக்குப் பெயர் வந்த கதை அதுதான், அங்கே நிழலும் உண்டு. பத்து நிமிஷம் உட்கார்ந்து பாக்கிக் கதையைப் பேசிவிட்டுப் போகலாம். வரும் வழியில் பூ வாங்குங்கள், ஆனால் பேரம் பேசாதீர்கள். கட்டிய பூவை முழம் போடும்போது அந்த அம்மா கையை எவ்வளவு நீட்டுகிறார் என்பதில் எல்லாக் கணக்கும் தீர்ந்துவிடும்.

7. வடக்கு மாட வீதி, பாத்திரம்: 10.45

இங்கேதான் நான் நிறையப் பேசப் போகிறேன். துணியும் நகையும் எந்த ஊரிலும் வாங்கலாம், கல்சட்டியும் ஈயச் சொம்பும் வைத்திருக்கும் கடைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கோயிலைச் சுற்றிய வீதிகளில் இன்னும் இருக்கின்றன. நாலு கடை ஏறி இறங்குங்கள், முதல் கடையில் எதையும் வாங்காதீர்கள்.

ஈயச் சொம்பு முதலில். ரசத்துக்கென்றே இருக்கும் பாத்திரம், அதில் வைத்த ரசத்துக்கு ஒரு தனி வாசனை என்று சொல்லாத பாட்டி கிடையாது. ஈயம் என்று பொதுவாகச் சொல்கிறோமே தவிர, இது வெள்ளீயத்தில் இருக்க வேண்டும். காரீயம் விஷம், அதில் புளி சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். எப்படிக் கண்டுபிடிப்பது? காரீயம் வெள்ளீயத்தைவிட ஒன்றரை மடங்கு கனம், நிறம் கறுத்து மங்கலாக இருக்கும், ஒரு வெள்ளைக் காகிதத்தில் தேய்த்தால் பென்சில் மாதிரிக் கோடு விழும். வெள்ளீயம் வெள்ளி போல வெளுத்திருக்கும். நல்ல வெள்ளீயத் தகட்டை வளைத்தால் காதருகே 'கிரக்' என்று ஒரு முனகல் கேட்கும், சொம்பை வளைத்துக் காட்டச் சொல்ல முடியாது என்பது வேறு விஷயம். இந்தச் சோதனையெல்லாம் கலப்படம் முழுவதையும் பிடித்துவிடாது, கொஞ்சமாகக் கலந்திருந்தால் கண்ணுக்கும் கைக்கும் தெரியாது. அதனால் பழகிய, ரசீது கொடுக்கிற கடையில் மட்டும் வாங்குங்கள். எடை போட்டுத்தான் விற்பார்கள், விலை கொஞ்சம் தூக்கிவாரிப் போடும். மலிவாக ஒருவர் கொடுத்தால் அதுவே சந்தேகப்பட ஒரு காரணம். ஒரு தடவை வேறொரு ஊரில் ஒரு கடையில் மலிவாகக் கிடைத்தது என்று நான் வாங்கி வந்த சொம்பு காகிதத்தில் கையெழுத்தே போட்டது. அது இப்போது பேனா ஸ்டாண்ட்.

வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும், கேஸ் அடுப்புத் தீ அதைவிடப் பல மடங்கு சூடு. அதனால் உள்ளே தண்ணீர் இல்லாமல் அடுப்பில் வைக்கவே கூடாது. புளித்தண்ணீரை ஊற்றிய பிறகுதான் அடுப்பு, சின்னத் தீ, தாளிப்பு தனியாக வேறு கரண்டியில்.

கல்சட்டி வாங்கும்போது வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பாருங்கள், விரல் கணுவால் தட்டினால் ஒரே சீரான சத்தம் வர வேண்டும். வாங்கியதும் அடுப்பில் ஏற்றிவிட முடியாது. எண்ணெயும் மஞ்சளும் குழைத்து உள்ளும் புறமும் தடவி இரண்டு நாள் வைத்து, அப்புறம் ஒரு வாரம் தினமும் வடித்த கஞ்சியையோ அரிசி கழுவிய தண்ணீரையோ சூடாக ஊற்றி வைத்து, கடைசியில் சின்னத் தீயில் மெல்ல மெல்லப் பழக்க வேண்டும். இவ்வளவுக்கும் பொறுமை இல்லையென்றால் பழக்கிய சட்டி இருக்கிறதா என்று கேளுங்கள், சில கடைகளில் கொஞ்சம் கூட விலைக்குத் தருகிறார்கள். நான் இருமுறை பழக்கினேன், ஒரு முறை விரிந்தது. வற்றல் குழம்பை இறக்கி வைத்தபின் கால் மணி நேரம் அதில் கொதித்துக்கொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டால் அந்தக் கோபம் போய்விடும்.

இரும்பில் இலுப்பச்சட்டி, தோசைக்கல், பணியாரச் சட்டி. தோசைக்கல்லைச் சமதரையில் வைத்து ஓரத்தில் அழுத்துங்கள், ஆடினால் வேண்டாம். வெண்கலப் பானை ஆசைப்பட்டால் தட்டிப் பாருங்கள், மணி மாதிரி நீண்டு ஒலிக்க வேண்டும். பித்தளை அப்படி ஒலிக்காது. கீழே போட்டால் வெண்கலம் உடையும், பித்தளை நசுங்கும், இதை மருமகளுக்குச் சொல்லித்தான் எங்கள் வீட்டில் பானையைக் கொடுப்பார்கள். பித்தளையில் புளிப்புச் சமைக்க வேண்டுமென்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். குத்துவிளக்கு வாங்குபவர்கள் பாகங்களை மரையிலிருந்து கழற்றி மாட்டிப் பாருங்கள், தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கசிகிறதா என்று பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், அந்த ரகசியச் சொல் இருக்கிறதே.

வாங்கியதைக் கையோடு தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். "திரும்பும்போது எடுத்துக்கிறேன்" என்று காசு கொடுத்து ரசீதை வாங்கிக்கொண்டு கடையிலேயே வைத்துவிடலாம், எங்களிடம் யாரும் இதுவரை மாட்டேன் என்றதில்லை. ரசீதைத் தோழியின் பையில் வையுங்கள், உங்கள் பையில் வேண்டாம். அப்போதுதான் இருவரில் ஒருவருக்காவது ஞாபகம் வரும்.

8. நகை, புடவை

கெம்புக்கல் நகைகள், நாட்டியக்காரர்கள் போடும் நெற்றிச்சுட்டி, சூரியப்பிறை, சந்திரப்பிறை எல்லாம் வடக்கு மாட வீதியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசியதும் உண்டு, சாதா உலோகத்தில் முலாம் பூசியதும் உண்டு, பார்வைக்கு இரண்டும் ஒன்று, விலையில் பூமிக்கும் வானத்துக்கும் தூரம். எது என்று வாய் விட்டுக் கேளுங்கள். இந்தக் கோயில் நகை வேலைக்குப் பேர்போன இடம் நாகர்கோவிலில் உள்ள வடசேரி, புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறார்கள். பழைய முறையில் செய்ததில் உள்ளே அரக்கு இருக்கும், தண்ணீரும் சூடும் படக்கூடாது. நகையைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், முன்பக்கம் எல்லோரும்தான் நன்றாகச் செய்கிறார்கள்.

புடவைக்குச் சன்னிதித் தெருப் பக்கம். பட்டுக்கு இந்த மாதிரி ஒரு நாளில் போகாதீர்கள், அதற்கு வீட்டில் நாலு பேர் வர வேண்டும், சண்டை நடக்க வேண்டும். காட்டன் மட்டும் பாருங்கள். கைத்தறி என்று சொன்னால் புடவையின் இரண்டு ஓரத்திலும் ஊசி குத்திய மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். நெய்யும்போது துணி சுருங்காமல் இழுத்துப் பிடிக்கிற கழியின் ஊசித்தடம் அது, கைத்தறியில் பெரும்பாலும் இருக்கும். அடர்ந்த நிறமாக இருந்தால் ஈரக் கைக்குட்டையால் ஒரு மூலையைத் தேய்த்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ரவிக்கைத் துணிக்குப் புடவையைப் பிரித்து வெயிலில் கொண்டுபோய் நிறம் ஒத்துப் பார்க்க வேண்டும், கடை விளக்கில் எல்லா மெரூனும் ஒரே மெரூன்தான்.

இங்கே தோழி கண்டிப்பாக வேண்டும். கடைக்காரர் நன்றாக இருக்கிறது என்பார், கண்ணாடியும் நன்றாக இருக்கிறது என்றே சொல்லும். "இந்தக் கலர்ல நீ காய்ச்சல்ல கிடந்த மாதிரி இருக்கே" என்று சொல்ல ஒருத்திக்குத்தான் உரிமை.

9. இரண்டாவது தவணை: 12.15

காலும் தொண்டையும் சேர்ந்து ஓயும் நேரம். காளத்தி பேப்பர் மார்ட்டில் ஒரு ரோஸ் மில்க், ஜில்லென்று. பேப்பரும் பத்திரிகையும் விற்கும் கடையில் ரோஸ் மில்க் எப்படி இவ்வளவு பிரபலமானது என்று கேட்காமல் குடியுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் ஒன்றை இருவராகப் பகிர்ந்துகொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் என்று சொல்லிக்கொண்டு இரண்டு வாங்குகிறோம்.

பிறகு எங்கேயாவது மின்விசிறிக்கு அடியில் முழுச் சாப்பாடு. காலையில் பாதி வயிறோடு எழுந்தது இதற்காகத்தான். 12.15க்கு உட்கார்ந்தால் இலை உடனே கிடைக்கும், 1 மணிக்குப் போனால் நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்பார். சாப்பாடு முடிந்த பிறகும் எழ மனசில்லாமல் உட்கார்ந்திருப்போமே, சின்ன மெஸ்ஸில் அது முடியாது. கொஞ்சம் பெரிய இடமாகப் பார்த்துப் போங்கள், சாப்பாட்டுக்கு மேல் ஒரு காபி சொல்லிவிட்டால் இன்னும் அரை மணி நேரம் அந்த மேஜை உங்களுடையது. கஷ்டமான விஷயங்களை அந்த அரை மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அப்பாக்களின் ஆஸ்பத்திரிக் கணக்கு, அவள் வேலையை விடலாமா வேண்டாமா என்பது, எல்லாம் அந்த இரண்டாவது காபியில்தான் பேசி முடிந்திருக்கிறது. காலையில் இட்லி முன்னால் பேசினால் இரண்டும் கெட்டுவிடும்.

10. தெற்கு மாட வீதி, காய்: கடைசியில்

காயை முதலில் வாங்குபவர்கள் நாள் முழுக்கக் கீரையைக் குழந்தை மாதிரிச் சுமப்பார்கள். கடைசியில்தான் வர வேண்டும். காலைப் புதுசு இருக்காதே என்றால், உண்மைதான், கீரைக்கு மட்டும் காலையிலேயே சொல்லி வைத்தால் ஈரச் சாக்கில் சுற்றி எடுத்து வைப்பார்கள்.

சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்காததை மட்டும் பாருங்கள்: பச்சைச் சுண்டைக்காய், மாங்காய் இஞ்சி, நறுக்கிய வாழைத்தண்டு, மாசி பங்குனியில் வடுமாங்காய். மாகாளிக்கிழங்கு வரும் காலத்தில் வாசனையே உங்களைக் கூப்பிடும், அந்த வாசனையை மூட்டைப்பூச்சி என்பவர்களும் உண்டு, அவர்களோடு நட்பு வைத்துக்கொள்வது அவரவர் விருப்பம். வடு வாங்கினால் காம்போடு, உருண்டையாக, ஒரே அளவாகப் பொறுக்குங்கள். காம்பு இல்லாதது ஊறும்போது அழுகும்.

நேரமும் காலும் மிச்சம் இருந்து மாலை வரை இருப்பதாக இருந்தால், லஸ் பக்கம் நடந்து 1516ஆம் வருடக் கல்வெட்டு உள்ள லஸ் சர்ச்சைப் பார்க்கலாம், பழையவர்கள் அதைக் காட்டுக் கோயில் என்பார்கள். பிறகு அமிர்தாஞ்சன் கம்பெனியைத் தொடங்கிய நாகேஸ்வர ராவின் பெயரில் இருக்கும் பூங்காவில் உட்காரலாம். நாள் முழுக்க வெயிலில் அலைந்த தலைவலிக்குப் பொருத்தமான இடம்தான். நாங்கள் இரண்டே தடவை அதுவரை தாக்குப்பிடித்திருக்கிறோம்.

11. திரும்புவது

கடையில் வைத்த பாத்திரம், ரசீது. இந்த இரண்டையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே நடங்கள். கணக்கை ரயில் மேடையில் தீர்த்துக்கொள்ளுங்கள், டிபன் ஒருத்தி, சாப்பாடு ஒருத்தி, மீதி ஜிபே. வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்றால் மூன்று மாதம் ஆகும், அதற்குள் அது 180 ரூபாயா 280 ரூபாயா என்று இருவருக்கும் மறந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் பூவை ஈரத்துணியில், வாழைத்தண்டை மோர் கலந்த தண்ணீரில், கல்சட்டிக்கு எண்ணெயும் மஞ்சளும் அன்றே. ஈயச் சொம்பை மேல் அலமாரியில் வைத்து, வெறும் சொம்பாக இதை யாரும் அடுப்பில் ஏற்றக்கூடாது என்று வீட்டில் உள்ள எல்லோரிடமும் அன்றிரவே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. மறுநாள் காலை என் வீட்டுக்காரர், எனக்கு ஒத்தாசையாகப் பால் காய்ச்சலாம் என்று, கண்ணில் பட்ட புதுப் பாத்திரத்தை எடுத்து அடுப்பைப் பற்ற வைத்துவிட்டு, பால் பாக்கெட்டை வெட்டக் கத்தரிக்கோல் தேடியிருக்கிறார். கத்தரிக்கோல் கிடைத்துத் திரும்பியபோது சொம்பின் அடிப்பாகம் பர்னர் மேல் வழிந்து பளபளவென்று கிடந்தது.